லைன்: ஒரு சொல்லுக்கு ஒன்றரைப் பக்கம் பொருள்

கொட்டகலைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாராம். ஆங்கில அகராதியில் 'லைன்' என்ற சொல்லைத் தேடினால் ஒன்றரைப் பக்கத்துக்குப் பொருள் போட்டிருக்கிறது. இதில் எத்தனையை மனப்பாடம் பண்ணுவது என்பது அவருடைய முதல் கேள்வி. கூடவே மூன்று துணைக் கேள்விகள். 'ட்ரொப் மீ எ லைன்' என்றால் எதைக் கீழே போடச் சொல்கிறார்கள்? தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயமும் இந்த லைனும் ஒன்றா? இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது 'அட்ரஸ் லைன் 1' என்று வருகிறதே, லயத்து நம்பரைத்தான் கேட்கிறார்களா?

கடைசிக் கேள்வியைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். அது நல்ல கேள்வி. முறைப்படி கடைசியிலேயே அதற்கு வருகிறேன்.

மனப்பாடம் ஒன்றும் வேண்டாம், தங்கச்சி. அந்த ஒன்றரைப் பக்கமும் மூன்று பொருளின் பிள்ளைகுட்டிகள்தான்: கயிறு, கோடு, வரிசை. மூன்றும் ஒரே வீட்டில் பிறந்தவை. லத்தீன் மொழியில் ஆளிச் செடிக்கு 'லினும்' என்று பெயர். ஆளி நாரில் திரித்த நூலை 'லினியா' என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் லைன். லினன் துணி, கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் எல்லாம் அதே செடியின் சொந்தங்கள்.

நூல் எப்படிக் கோடாகி வரிசையானது என்று பார்க்க வேண்டுமானால், மேசன் பாஸ் சுவர் கட்டும் இடத்துக்குப் போங்கள். இரண்டு முனையில் ஆணி அடித்து நூலை இழுத்துக் கட்டுவார். அந்த நூல் லைன். நூலை ஒட்டிப் பென்சிலால் இழுத்தால் அந்தக் கோடும் லைன். நூல் பிடித்த மட்டத்துக்கு அடுக்கிய கல் வரிசையும் லைன். அகராதிக்காரர் ஒன்றரைப் பக்கத்தில் சொன்னதை பாஸ் ஒரு மணித்தியாலத்தில் செய்து காட்டிவிடுவார்.

ஒரே சொல்லுக்கு இத்தனை பொருளா என்று பயப்படவும் வேண்டாம். நம்முடைய 'வரி' மட்டும் என்ன? புத்தகத்தில் இருப்பதும் வரி, அரசாங்கத்துக்குக் கட்டுவதும் வரி, புலியின் முதுகில் இருப்பதும் வரி, சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் அது பாட்டு. எந்தத் தமிழ்ப் பிள்ளையாவது வரிக்குதிரைக்கு வரி கட்ட வேண்டுமா என்று கேட்டதுண்டா? பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்து நாம் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலும் அதே வேலைதான்.

சரி, லயத்துக்கு வருவோம்.

ஆமாம், லயமும் லைன்தான். பிரித்தானிய இராணுவத்தில் சிப்பாய்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக நிற்கும் இடத்தை 'லைன்ஸ்' என்பார்கள். இந்தியாவில் பொலிஸ் லைன்ஸ், சிவில் லைன்ஸ் என்று இன்றைக்கும் இடப்பெயர்கள் இருக்கின்றன. இங்கே கோப்பித் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய குடியிருப்புக்கும் அதே பெயர் வந்தது. ஆங்கில ஆவணங்களில் அதற்கு முன்னால் 'கூலி' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு கோப்பி நோயில் அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலைநாடு முழுக்கப் பரவியது. பயிர் மாறியதே தவிர லைன் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. நம்மவர் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆகி, பணிய லயம், மேட்டு லயம், பத்துக் காம்பரா லயம் என்று ஊருக்குள் ஊராகவே ஆகிவிட்டது.

லயம் என்பது குதிரை லாயத்திலிருந்து வந்த சொல் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை படுத்து எழும்பியதை நினைத்தால் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் சொல் அந்த வழியாக வரவில்லை. தோட்டங்களைப் பற்றிய ஆங்கில எழுத்தில் எங்கே பார்த்தாலும் 'லைன்ஸ்' என்றே இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இராணுவ ஆங்கிலத்தில் குதிரைகளை வரிசையாகக் கட்டிவைக்கும் இடத்துக்கும் 'ஹோர்ஸ் லைன்ஸ்' என்றுதான் பெயர். ஆகவே மேடைப் பேச்சாளர் சொல்லில் தவறினாலும் பொருளில் ரொம்பத் தூரம் போய்விடவில்லை.

பரீட்சைக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முழுக் கட்டடத்தை அல்லது குடியிருப்பைச் சொல்லும்போது பன்மையில் 'லைன்ஸ்' என்பது வழக்கம். ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவைச் சொன்னால் 'லைன் ரூம்'. இலங்கையில் இதைப் படிக்கிற எவருக்கும் விளங்கும். லண்டனிலோ நியூயோர்க்கிலோ இருக்கிறவருக்கு எழுதினால் விளங்காது. ஒரே கூரைக்குக் கீழே, பொதுச் சுவரோடு, வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள் என்று ஒரு வாக்கியம் சேர்த்து எழுத வேண்டும். இந்தியாவிலும் கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம் வாடகைக்கு விடும் வரிசை வீடுகளை 'லைன் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே அதற்குத் தோட்ட வாடை கிடையாது. வீட்டுக்காரர் மாதம் பிறந்ததும் வந்து வாடகை வாங்கிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

தேயிலை மலையில் இன்னொரு லைன் இருக்கிறது. புதுக் கன்று நடுவதற்கு முன்னால் கயிறு பிடித்து முளைக்குச்சி அடித்து, குழி வெட்ட வேண்டிய இடத்தைக் குறிப்பார்கள். அந்த வேலைக்குத் தோட்ட ஆங்கிலத்தில் 'லைனிங்' என்று பெயர். பழைய விதைத் தேயிலையைச் சரிவில் மேலும் கீழுமாக நட்டார்கள். விதைக்குப் பதிலாகத் தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் வீப்பி தேயிலை வந்த பிறகு மலையின் மட்டத்தைச் சுற்றி நடும் வழக்கம் வந்தது. மழைத்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு ஓடாமல் அந்த வரிசைகள் தடுக்கும். புவியியல் பாடத்தில் 'கொன்டூர் லைன்' என்று படிக்கிறீர்களே, சமவுயரக் கோடு, அது கடதாசியில் இருப்பது. வீப்பி மலையில் அதையே செடியால் போட்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும்: கொழுந்து எடுக்கும்போது அம்மா பிடிக்கிற நிரைக்கு ஆங்கிலத்தில் 'ரோ' என்றுதான் எழுத வேண்டும். அங்கே லைன் பொருந்தாது.

அடுத்தது கோச்சி லைன். ரயில் 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. பதுளைக்கு 1924இல்தான் போய்ச் சேர்ந்தது. கொழும்பிலிருந்து பதுளை வரை போவது 'மெயின் லைன்'. பேராதனையில் பிரிந்து கண்டி வழியாக மாத்தளைக்குப் போவது கிளை, அதாவது 'பிராஞ்ச் லைன்'. இந்த இடத்தில் லைன் என்பது வெறும் தண்டவாளம் மட்டுமல்ல. பாதை, அதில் ஓடும் சேவை, நிலையங்கள் எல்லாம் சேர்ந்தது. விமான நிறுவனம் 'எயார்லைன்' ஆனதும், கப்பல் நிறுவனத்தின் பெயரில் லைன் ஒட்டிக்கொண்டதும், அந்தக் கப்பல் 'லைனர்' ஆனதும் இதே வழியில்தான். ஆகாயத்தில் யாரும் கோடு போடவில்லை. ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போய் வருவதுதான் லைன்.

ரம்புக்கனைக்கு மேலே ஒற்றைப் பாதை. எதிரில் இன்னொரு கோச்சி வந்துவிடக்கூடாது என்பதற்காக 'டப்ளட்' முறை வைத்திருக்கிறார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் நின்று பார்த்திருப்பீர்கள்: பெரிய வளையம், அதன் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் ஒரு உலோகத் தட்டு. முந்திய துண்டுப் பாதையின் வளையத்தை வாங்கிக்கொண்டு அடுத்த துண்டின் வளையத்தைச் சாரதியின் கையில் கொடுப்பார்கள். அந்தத் தட்டு கையில் இருந்தால்தான் அந்தத் துண்டுப் பாதைக்குள் போகலாம். பாதை காலியாக இருக்கிறது, வரலாம் என்று அடுத்த ஸ்டேஷன் தரும் சம்மதத்துக்குத்தான் 'லைன் கிளியர்' என்று பெயர். நாம் கல்யாணப் பேச்சிலிருந்து வேலை விஷயம் வரை 'லைன் கிளியர்' என்று சொல்கிறோமே, அது ரயில்வேயிலிருந்து இரவல் வாங்கியதுதான். ஆங்கிலேயர் அன்றாடப் பேச்சில் அப்படிச் சொல்வதில்லை, கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

இப்போது பரீட்சைக்கு உண்மையிலேயே உதவுகிற விஷயம். லைனுக்கு முன்னால் நிற்கிற சின்னச் சொல்லைப் பாருங்கள். பாதிப் பொருள் அங்கேதான் இருக்கிறது.

'ஒன் த லைன்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'எ கவ் இஸ் ஒன் த லைன்' என்றால் தண்டவாளத்தில் மாடு நிற்கிறது. நம் பக்கத்துக்கு இது புதுச் செய்தி இல்லை. 'யுவர் மதர் இஸ் ஒன் த லைன்' என்றால் அம்மா தண்டவாளத்தில் நிற்கவில்லை, போனில் காத்திருக்கிறார். 'ஹெர் ஜொப் இஸ் ஒன் த லைன்' என்றால் அவருடைய வேலை போனாலும் போகும் நிலைமை. சட்டை 'ஒன் த லைன்' என்றால் கொடியில் காய்கிறது. நான்கு வாக்கியத்திலும் அதே மூன்று சொல். யார், எது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

'இன் லைன்' என்று வந்தால் வரிசையில் நிற்பது. 'இன் லைன் வித்' என்று நீண்டால் ஒன்றுக்கு இசைவாக இருப்பது: புதிய சுற்றறிக்கைக்கு இசைவாக என்று அலுவலகக் கடிதங்களில் வரும். 'இன் லைன் ஃபோர்' என்றால் அடுத்து அவருக்குத்தான் கிடைக்கப்போகிறது, பதவி உயர்வோ பரிசோ. 'அவுட் ஒஃப் லைன்' என்றால் நடத்தை மீறிப் போய்விட்டது. 'அலோங் த லைன்ஸ் ஒஃப்' என்றால் கிட்டத்தட்ட அந்த மாதிரி. 'டவுன் த லைன்' என்றால் போகப் போக, பின்னால் ஒரு காலத்தில். 'பிட்வீன் த லைன்ஸ்' படிப்பது என்றால் எழுதாமல் விட்டதைப் புரிந்துகொள்வது. இதற்கு நம்மிடம் குறிப்பறிதல் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார், அதுவும் ஒன்றல்ல இரண்டு, பொருட்பாலில் ஒன்று காமத்துப்பாலில் ஒன்று.

வரிசையில் நிற்பதற்கு லைன் என்பது அமெரிக்க வழக்கு. பிரித்தானிய ஆங்கிலத்தில் அது 'கியூ'. நம் பள்ளிக்கூட ஆங்கிலம் பிரித்தானிய வழி என்பதால் கட்டுரையில் கியூ என்றே எழுதுங்கள். 2022இல் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நின்றதெல்லாம் கியூதான். அதே வருடம் பத்திரிகைகளில் அடிக்கடி வந்த இன்னொரு லைன் 'லைன் ஒஃப் கிரெடிட்'. உணவு, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்காக இந்தியா 100 கோடி டொலருக்கு அப்படி ஒன்றைக் கொடுத்தது. இது மொத்தமாகக் கையில் எண்ணிக் கொடுக்கும் கடன் அல்ல. இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எல்லை வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ள விடுவது. தோட்டத்துக் கடையில் கொப்பி போட்டு, சம்பளம் வரும்வரை சாமான் வாங்குகிற ஏற்பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எல்லை என்று வந்துவிட்டதால் 'டெட்லைன்' பற்றிச் சொல்லாமல் போக முடியாது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்று சாதாரணமாகப் புழங்குகிற இந்தச் சொல்லின் பிறப்பு பயங்கரமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல், ஜோர்ஜியா மாநிலத்து அண்டர்சன்வில் என்ற இடத்தில் ஒரு கைதி முகாம் இருந்தது. உயரமான மதிலுக்கு உள்பக்கம், கொஞ்சம் தள்ளி, தாழ்வாக ஒரு மரத் தடுப்பு போட்டிருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் கேள்வி கேட்காமல் சுடலாம் என்று காவலுக்கு உத்தரவு. அந்தத் தடுப்புக்குத்தான் டெட்லைன் என்று பெயர். போர் முடிந்ததும் முகாமின் தளபதியைத் தூக்கில் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் அந்தச் சொல் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரமாக மாறியது. இப்போது உங்கள் வகுப்பு மிஸ் ஒப்படைக்கு டெட்லைன் வெள்ளிக்கிழமை என்கிறார். பிந்தினால் சுடமாட்டார், புள்ளிதான் குறையும்.

'க்ரொஸ் த லைன்' என்பதிலும் எல்லைதான். பேச்சில் வந்தால் மரியாதையின் எல்லையைத் தாண்டியது. கப்பல்காரர் சொன்னால் பூமியின் மத்தியகோட்டைக் கடந்தது. ஓட்டப்பந்தயத்தில் சொன்னால் முடிவுக்கோட்டைத் தொட்டது. வறுமைக்கோடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

வீட்டில் நாம் அன்றாடம் சொல்கிற லைன்களை வேகமாகப் பார்த்துவிடலாம். கரண்ட் வருகிற லைன், போன் லைன், பீலிக்குத் தண்ணீர் வருகிற குழாய் லைன்: மூன்றும் கயிறு என்ற பழைய பொருளிலிருந்து வந்தவை. கயிறு கம்பியாகி, கம்பி குழாயாகியது. 'லைன் இல்லை' என்றால் எந்த லைன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாரா, வாளியை வைத்துக்கொண்டு சொன்னாரா என்று பார்த்தாலே விளங்கிவிடும். மின் வயரிங்கில் 'லைன்' என்றால் உயிருள்ள வயர், டெஸ்டர் வைத்தால் எரிகிற பக்கம். அதைத் தொட்டுப் பார்த்துப் பொருள் கற்க வேண்டாம்.

'ட்ரொப் மீ எ லைன்' என்பதில் லைன் என்றால் எழுத்து வரி. ஒரு வரியாவது எழுதிப் போடு, அதாவது கடிதம் போடு என்று அர்த்தம். தபால் பெட்டியில் போடுகிறோமே, அதை நினைத்துக்கொண்டால் இந்த ட்ரொப் மறக்காது. நாடகத்தில் ஒருவர் பேச வேண்டிய வசனம் அவருடைய 'லைன்ஸ்'. பிரித்தானியப் பள்ளிகளில் தண்டனையாக ஒரே வாக்கியத்தை நூறு தடவை எழுதச் சொன்னால் அதுவும் 'லைன்ஸ்'. கவிதை என்று வரும்போது தமிழில் வரி என்று சொல்லாமல் அடி என்று சொல்லுங்கள். குறளுக்கு இரண்டு அடி. இரண்டு வரி என்று எழுதினால் தமிழ் மிஸ் கோபிப்பார்.

இனி, பொடியன்கள் காத்திருக்கும் பகுதி: கிரிக்கெட். 'லைன் அண்ட் லெங்த்' என்று வர்ணனையாளர் நாளெல்லாம் சொல்கிறார். பந்து விக்கெட்டுக்கு நேராக வருகிறதா, ஓஃப் பக்கமா, லெக் பக்கமா என்கிற திசை லைன். எவ்வளவு தூரத்தில் குத்துகிறது என்பது லெங்த். நம்ம கண்டி முத்தையா முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தவர். வலதுகைக்காரருக்கு ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு லைனில் குத்தி உள்ளே திருப்புகிற அவருடைய பந்தை நினைத்துக்கொண்டால் லைன் என்ன என்று மறக்காது. எல்பிடபிள்யூ கேட்கும்போது 'பிட்ச்ட் இன் லைன்' என்றால் மூன்று ஸ்டம்புக்கு நேர்ப் பட்டைக்குள் குத்தியது. ரன் அவுட்டில் வருகிற லைன் வேறு. அது தரையில் போட்ட வெள்ளைக் கோடு. மட்டை கோட்டின் மேலேயே இருந்தால் அவுட், அதைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும். 'ஒன் த லைன் இஸ் அவுட்' என்று அதைச் சொல்வார்கள். மேலே சொன்ன நான்கு 'ஒன் த லைன்' உடன் இதை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுநாயக்காவுக்கும் கொழும்புக்கும் கார்மெண்டுக்குப் போன அக்காமார் வீட்டுக்கு வரும்போது இன்னொரு லைன் பேசுவார்கள். தையல் மெஷின்கள் வரிசையாக நிற்க, ஒருவர் கொலர் தைத்து அடுத்தவரிடம் தள்ள, அவர் கை தைத்துத் தள்ள, கடைசியில் முழுச் சட்டையாக இறங்குகிற அந்த வரிசைதான் 'புரொடக்ஷன் லைன்'. லைன் லீடர், லைன் சுப்பர்வைசர், லைன் டார்கெட் எல்லாம் அங்கே பிறந்தவை. ஹென்றி ஃபோர்ட் 1913இல் காருக்கு ஓட வைத்த 'அசெம்ப்ளி லைன்' இதன் பெரியப்பா. லயத்தில் பிறந்து லைனில் வேலை செய்கிற பிள்ளைகள் நம்மிடம் நிறைய. இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல் என்று அவர்களில் பலர் யோசித்திருக்க மாட்டார்கள்.

வினைச்சொல்லாக வந்தால் இன்னும் கவனம் தேவை. 'லைன்' என்ற வினைக்கு உள்ளே ஒரு படை கொடுப்பது என்றும் பொருள். கோட்டுக்கு உள்துணி தைப்பது 'லைனிங்'. பழைய காலத்தில் அந்த உள்துணி லினன். தேயிலை அனுப்பின பலகைப் பெட்டிகளுக்குள் முதலில் ஈயத் தாளும் பிறகு அலுமினியத் தாளும் வைத்து மூடினார்களே, அதுவும் லைனிங்தான், ஈரம் புகாமல் இருக்க. கன்று நடும் லைனிங்கும் பெட்டிக்குள் வைக்கும் லைனிங்கும் ஒரே தோட்டத்தில், ஒன்று மலையில், ஒன்று ஃபெக்டரியில். 'லைன் ஹிஸ் பொக்கெட்ஸ்' என்றால் சட்டைப்பைக்கு உள்துணி தைப்பதல்ல. பதவியில் இருந்து சுருட்டிக்கொள்வது.

இரண்டு பொறிகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். 'ஹார்ட் லைன்' எடுப்பது என்றால் விட்டுக்கொடுக்காத கடும்போக்கு. ஆனால் பழைய பிரித்தானியப் பேச்சில் 'ஹார்ட் லைன்ஸ்!' என்று பன்மையில் சொன்னால் அடடா, பாவம், அதிர்ஷ்டம் இல்லை என்று ஆறுதல். ஒரு எஸ் எழுத்தில் கடுமை இரக்கமாகிவிடுகிறது. அடுத்தது சினிமா தந்த 'லைன் அடிப்பது'. அதை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. அயர்லாந்தில் 'டூயிங் எ லைன்' என்றால் காதலிப்பது என்று உண்டு; மற்ற நாடுகளில் அதே சொற்கள் போதைப்பொருளை மூக்கால் இழுப்பதைக் குறிக்கும். ஆகவே இந்த லைனை ஊரோடு வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

மொழிபெயர்ப்புக் கேள்வி வந்தால் லைன் என்று கண்டவுடன் கோடு என்று எழுதிவிடாதீர்கள். கணிதத்தில் கோடு, புத்தகத்தில் வரி, கவிதையில் அடி, கடையில் வரிசை, கையில் ரேகை, ரயிலுக்குப் பாதை, போனுக்கு இணைப்பு, அரச குடும்பத்துக்கு வம்சம், துணி காயப்போட கொடி, தூண்டிலுக்கு நரம்பு. ஆங்கிலம் ஒன்றோடு நிறுத்திக்கொண்ட இடத்தில் தமிழ் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறது. பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொறுக்குங்கள்.

கடைசியாக விண்ணப்பப் படிவம். 'அட்ரஸ் லைன் 1' என்பதில் லைன் என்றால் வெறும் வரி. முகவரியின் முதல் வரி, இரண்டாவது வரி, அவ்வளவுதான். லயத்து நம்பரை அங்கே தனியாகக் கேட்கவில்லை. ஆனால் நம் ஆட்களுக்கு அந்த முதல் வரியில் எழுத வேறு என்ன இருக்கிறது? ரோட்டுப் பெயர் கிடையாது, பல லயங்களில் வீட்டுக்கு இலக்கமே கிடையாது, கடிதம் தோட்டத்து ஒஃபிஸுக்கு வந்து அங்கிருந்துதான் கைக்கு வருகிறது. அதனால் இப்படி நிரப்புங்கள். முதல் வரியில் வீட்டு இலக்கம் இருந்தால் அது, அதோடு லயத்து நம்பர். லயத்து நம்பரை எழுதும்போது 'லைன் நம்பர் 5' என்று முழுசாக எழுதுங்கள். வெறும் 5 என்று விட்டால் அது வீட்டு இலக்கமாகப் போய்விடும். இரண்டாவது வரியில் டிவிஷனும் தோட்டத்துப் பெயரும். பணிய கணக்கு என்று வீட்டில் சொல்வதை ஆங்கிலத்தில் 'லோவர் டிவிஷன்' என்று எழுத வேண்டும். நகரம் என்ற கட்டத்தில் உங்கள் தபாலகம் இருக்கும் ஊர், குறியீட்டுக் கட்டத்தில் அந்தத் தபாலகத்தின் எண். ஹட்டன் என்றால் 22000. அடையாள அட்டையில் முகவரி எப்படி இருக்கிறதோ அந்த எழுத்துக்கூட்டல் மாறாமல் எழுதுங்கள். ஒரே லயத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் அப்பாவின் பெயரையும் 'கேயர் ஒஃப்' போட்டு முதல் வரியிலேயே சேர்த்துவிடுங்கள். ஒஃபிஸில் கடிதம் பிரிக்கிறவருக்கு அது போதும்.